இரண்டரை வயதும் ஆறு வயதும்: தீம் பார்க்கில் ஒரு முழு நாள், எப்படித் திட்டமிடுவது?

மஞ்சள்குடை:
பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு 6 வயது, உயரம் 113 செ.மீ. சின்னவனுக்கு இரண்டரை, 89 செ.மீ., மதியத் தூக்கம் இன்னும் விடவில்லை. ரைடுகளும் நீர்ப்பகுதியும் ஒரே வளாகத்தில் இருக்கும் பார்க். எதை முதலில் போவது? சின்னவனை எதில் ஏற்றலாம்? கொஞ்சம் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் 90-ஐத் தொட்டுவிடுவான், அது சரியா? பெரியவள் ஏறும் ரைடுகளுக்கு எங்களில் ஒருவர் வெளியே நின்றே ஆகவேண்டுமா? "ஜாலியா போயிட்டு வாங்க" என்கிற பதில் வேண்டாம். அளவு, நேரம், காரணம் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

ராட்டினக்காரன்:
ஷூ விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். வேண்டாம்.

உயரக் கோடு குழந்தையோட தைரியத்துக்குப் போட்டது இல்ல. அந்த சீட்டும் கம்பியும் எந்த அளவு உடம்பைப் பிடிச்சு வைக்கும்கிறதுக்குப் போட்டது. தொடை மேல இறங்குற கம்பி இருக்கே, அது இடுப்பு மடியிற இடத்துல உட்காரணும். முதுகு சீட்டோட ஒட்டி, முட்டி சீட் விளிம்புல மடங்கினாத்தான் அது நடக்கும். கால் குட்டையா இருந்தா முட்டி விளிம்பு வரைக்கும் வராது. பிள்ளை காலை மடக்க முன்னாடி சறுக்கி உட்காரும், இடுப்பு கம்பிக்கு அடியில நழுவும். ஷூ கொடுக்கிற ஒரு செ.மீ. பாதத்துக்குக் கீழ இருக்கு, தொடையில இல்ல. அளவுகோலை ஏமாத்தலாம், கம்பியை ஏமாத்த முடியாது.

பல பார்க்ல 90, 105, 120, 140 செ.மீ. மாதிரி படிகள் இருக்கும். அங்குலத்துல போடுற இடங்கள்ல 36, 42, 48, 54. உங்க பெரியவ 113, அதனால 105 படி வரைக்கும் தாராளமா வரும், 120-க்கு வராது. "120-க்குக் கீழ இருந்தா பெரியவர் கூட வரணும்"னு எழுதியிருக்கிற ரைடுகள் நிறைய இருக்கும், அதையெல்லாம் தனியா குறிச்சு வைங்க. கூட வர்ற 'பெரியவர்'க்கும் வயசு வரம்பு உண்டு. பக்கத்து வீட்டு 12 வயசுப் பையன் அந்தக் கணக்குல வரமாட்டான்.

வீட்டுலயே வெறுங்காலோட, குதிகால், பின்புறம், தலை மூணும் சுவத்துல ஒட்ட நிறுத்தி அளந்துக்கங்க. காலையில அளந்தா சாயங்காலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா காட்டும். நாள் முழுக்க நிக்கிறதுல முதுகெலும்பு வட்டு அழுந்துறதுதான் காரணம். கோட்டுக்கு ஒட்டின மாதிரி நிக்கிற பிள்ளைக்குக் காலையில 'சரி', சாயங்காலம் 'இல்ல'ன்னு வர்றது இதனாலதான். ஆபரேட்டர் ஆளைப் பார்த்து மாத்திச் சொல்றாருன்னு சண்டைக்குப் போகாதீங்க. உயரம் பார்த்துக் கைப்பட்டை கட்டிவிடுற பார்க்கா இருந்தா நுழைஞ்சதும் அதை வாங்கிடுங்க, ஒவ்வொரு வரிசையிலயும் நின்னு கடைசியில திரும்புற கொடுமை மிச்சம்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்றதில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருக்கிற ரைடுல அப்பா பக்கத்துல பிள்ளையை உட்கார வச்சா, கம்பி அப்பாவோட தொடையில இல்லன்னா வயித்துல மோதி நின்னுடும். பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. "அப்பா பிடிச்சிருக்காரு"ன்னு நினைப்போம். வேகமா திரும்புறப்ப ஒரு கையால பிடிச்சு நிறுத்துறது நடக்காத காரியம். தனித்தனி கம்பி, இல்லன்னா பெல்ட் இருக்கிற ரைடைத் தேர்ந்தெடுங்க. பொதுக் கம்பிதான்னா ரெண்டு பேர்ல ஒல்லியானவர் கூட உட்காரட்டும்.

சுத்துற ரைடுல யார் எந்தப் பக்கம்கிறதும் முக்கியம். சுழற்சி எல்லாரையும் வெளிப்பக்கமா தள்ளும். கனமான ஆள் வெளிப்பக்கம், பிள்ளை உள்பக்கம். மாத்தி உட்கார்ந்தா மொத்த எடையும் பிள்ளை மேல சாயும்.

கணக்குப்பிள்ளை:
எதை முதலில் போவது என்பதற்கு என் பதில்: எதில் இருக்கை குறைவோ, அதில். எது பிரபலமோ, அதில் அல்ல.

சின்னப் பிள்ளைகளுக்கான ரைடுகள்தான் பார்க்கிலேயே மெதுவாக நகரும் வரிசைகள். 12 வண்டி, வண்டிக்கு 2 இருக்கை என்றால் 24 பேர். ஆனால் குடும்பம் குடும்பமாக ஏறுவதால் பாதி வண்டிகளில் ஓர் இருக்கை காலி. சுற்றுக்கு 18 பேர் என்று வையுங்கள். ஓடுவது ஒன்றரை நிமிடம், இறக்கி ஏற்றி பெல்ட் மாட்டிச் சரிபார்க்க இரண்டரை நிமிடம், ஆக 4 நிமிடச் சுற்று. மணிக்கு 15 சுற்று, 270 பேர். உங்களுக்கு முன்னால் 90 பேர் நின்றால் 5 சுற்று, 20 நிமிடம்.

நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டிகளில் ஏறும் பெரிய உள்ளரங்க ரைடு மணிக்கு 2,000 பேரை விழுங்கும். அங்கே முன்னால் 200 பேர் நின்றாலும் 6 நிமிடம்தான். வரிசையின் நீளம் பயமுறுத்தும், கணக்கு பயமுறுத்தாது.

ஆகவே வரிசையில் சேருமுன் ஒரு முழுச் சுற்றை வெளியில் நின்று பாருங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், அந்தச் சுற்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு எத்தனை நிமிடம்? தலைகளை எண்ணி வகுத்துவிடுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை நிழலில்லாத வரிசையில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காது; அதைத் தாண்டினால் நடையைக் கட்டுங்கள்.

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் குட்டி ரோலர் கோஸ்டர், டீ கப் (சுழலும் கோப்பை ரைடு), சின்ன விமானம் போன்றவற்றை முடியுங்கள். உச்சிப்பொழுதுக்கு உள்ளரங்கக் காட்சியும் பெரிய படகு ரைடும். ஊர்வலமோ பெரிய காட்சியோ நடக்கும் அரை மணி நேரத்தில் ரைடு வரிசைகள் இளைக்கும், அப்போது மீதம் இருப்பதைப் பிடிக்கலாம். சாப்பாட்டை எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னால், 11 மணிக்கு வைத்துக்கொண்டால் அந்த வரிசையும் மிச்சம்.

மஞ்சள்குடை:
கம்பி விஷயம் தெரிந்தபின் ஷூ யோசனையைக் கைவிட்டாயிற்று. வெளியே நிற்பது பற்றி?

ராட்டினக்காரன்:
ரைடு ஸ்வாப், சைல்டு ஸ்வாப்னு பல பார்க்ல ஒரு முறை இருக்கு. நாலு பேருமா ரைடு வாசலுக்குப் போங்க. வரிசையில சேருறதுக்கு முன்னாடி அங்க நிக்கிற ஊழியர்கிட்ட கேளுங்க. ஒருத்தர் பெரியவளோட ஏறுவார், இன்னொருத்தர் சின்னவனோட காத்திருப்பார். இறங்கினதும் மாத்திக்கலாம், ரெண்டாவது ஆள் வரிசையில மறுபடி நிக்கவேண்டாம். பல இடத்துல பெரியவ ரெண்டாவது தடவையும் கூடவே ஏறலாம், அவளுக்கு இரட்டை லாபம். சில பார்க்ல நாலு பேரும் வரிசையிலயே வந்து ஏறுற இடத்துல மாத்திக்கணும், சிலதுல அப்புறமா வந்து ஏறுறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பாங்க. வரிசையில பாதி தூரம் போய்ட்டுக் கேட்டா பெரும்பாலும் நடக்காது.

ஏறுற மேடை வரைக்கும் வந்துட்டு பிள்ளை பயந்து அழுதா கட்டாயப்படுத்தாதீங்க. ஏறாம வெளியே போறதுக்கு மேடைக்குப் பக்கத்துலயே வழி இருக்கும், ஊழியர்கிட்ட சொன்னா போதும். ஓடுறப்ப பயந்து எழுந்திரிக்கப் பார்க்கிற பிள்ளைதான் ரைடு ஓட்டுற எங்களுக்கு நிஜமான தலைவலி.

தள்ளுவண்டி:
திட்டமெல்லாம் பிரமாதம், ஆனால் சின்னவனின் தூக்க நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே! வீட்டில் 1 மணிக்குத் தூங்குகிறவன் என்றால் பார்க்கிலும் 12.30-லிருந்து சிணுங்க ஆரம்பித்துவிடுவான். அந்த ஒன்றரை மணி நேரத்தை முதலில் அடைத்துவிட்டு, மிச்ச நாளை அதைச் சுற்றிப் போடுங்கள். ஒருவர் தள்ளுவண்டியோடு குளிரூட்டிய கூடத்திலோ அடர்ந்த நிழலிலோ உட்கார, மற்றவர் பெரியவளை அவள் உயரத்துக்கான ரைடுகளுக்குக் கூட்டிப்போகட்டும். ஸ்வாப் இல்லாத ரைடுகளை முடிக்கவும் அதுதான் நேரம்.

தள்ளுவண்டி பற்றி: சின்னவன் நன்றாக நடக்கிறான் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். படுக்கைபோல் சாயக்கூடியதாக இருக்கட்டும். வெயில் படாமலிருக்க மேலே துணியைப் போர்த்தி மூடுவார்கள், அது தவறு. மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும், குழந்தையின் முகமும் தெரியாது. வண்டியோடு வரும் கூரையோ, கிளிப் போட்டு மாட்டும் சின்னக் குடையோ போதும். கைப்பிடியில் கனமான பையை மாட்டினால், குழந்தையை இறக்கிய நொடியே வண்டி பின்பக்கமாகக் கவிழும். பையைக் கீழ்த்தட்டில் வையுங்கள். வண்டி நிறுத்தத்தில் ஒரே மாதிரி நூறு நிற்கும், கைப்பிடியில் ஒரு பளிச்சென்ற துணி கட்டுங்கள். ஊழியர்கள் வண்டியை இடம் மாற்றி வைப்பது சகஜம், விட்ட இடத்தில் இல்லை என்றதும் பதறவேண்டாம்.

கழிப்பறை: ஒவ்வொரு நீண்ட வரிசைக்கு முன்பும், கேட்காமலே. "வருதா?" என்று கேட்டால் "இல்லை"தான் பதில், வரிசையின் நடுவில்தான் வரும். தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கழிப்பறைகளில் சின்ன உடம்பு அசையும்போது சென்சார் தவறாகப் புரிந்துகொண்டு, உட்கார்ந்திருக்கும்போதே 'சர்ர்' என்று பாயும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அன்று முழுக்கக் குழந்தை உள்ளே வராது. ஒட்டும் குறிப்புத்தாள் (ஸ்டிக்கி நோட்) நாலைந்து கொண்டுபோய்ச் சென்சார் கண்ணின்மேல் ஒட்டிவிட்டு உட்காரவையுங்கள், எழுந்தபின் எடுத்துவிடுங்கள். பைசா பெறாத சாமான், ஆனால் அன்றைக்கு அதைவிட உபயோகமானது பையில் வேறு இருக்காது.

ஆழம்பார்:
நீர்ப்பகுதிக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உடை. வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் காணாமல் போகும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள் தெரியும். பருத்தி கூடாது, நனைந்தால் கனத்து இழுக்கும், சறுக்கில் உரசி நிற்கும், பல இடங்களில் அனுமதியே இல்லை. உலோக ஜிப், பித்தான் இருந்தாலும் சறுக்கில் விடமாட்டார்கள், சறுக்கின் வழவழப்பை அது கீறிவிடும்.

கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள், வளையங்கள் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், நழுவும், வளையத்தில் பிள்ளை தலைகீழாகக் கவிழ்ந்தால் கால்தான் மேலே நிற்கும். எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்தான். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்: தாடைக்கும் காதுக்கும் ஏறிவந்தால் அது பெரிது. கால்களுக்கிடையே போகும் பட்டை உள்ளதே இரண்டரை வயதுக்குச் சரி.

ஜாக்கெட் போட்டிருந்தாலும் சின்னவனிடமிருந்து கையெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கே வரும்? உயிர்காப்பாளர் நூறு தலைகளைப் பார்க்கிறார், நீங்கள் ஒரு தலையைப் பார்க்கவேண்டும். "நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்பதுதான் ஆபத்தான ஏற்பாடு, இருவருமே மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம். "இப்போ உன் முறை" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் போன் கூடாது, படம் எடுப்பதற்காகக்கூட.

அலைக்குளம் சின்னவனுக்கு வேண்டாம். கரையோரம் முழங்கால் ஆழம்தானே என்று தோன்றும். அலை உடைவது அங்கேதான், இரண்டரை வயதுக்கு அது இடுப்புக்கு மேல். விழுந்தால் பின்வாங்கும் தண்ணீர் உள்ளே இழுக்கும், மிதவைகள் தலையில் மோதும். பெரியவளை அலை நிற்கும் இடைவேளையில் கூட்டிப்போங்கள், அலை தொடங்குமுன் ஒலி எழுப்புவார்கள்.

டயப்பர்: நீச்சல் டயப்பர் மலத்தை ஓரளவு தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. மணிக்கு ஒருமுறை பார்த்து, குளத்தோரத்தில் அல்லாமல் மாற்றும் அறையில் மாற்றவேண்டும். குளத்தருகே 'குளோரின் நெடி' மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி அது, கண் எரிச்சலும் அதனால்தான். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி முறையாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தத் தொற்று என்று உறுதியானால், போக்கு நின்று 2 வாரம் கழித்தே குளம்.

நேரம்: 3 மணிக்கு மேல் போங்கள். தண்ணீரில் ஆடியபின் பிள்ளைகளுக்கு வேறெதற்கும் தெம்பு இருக்காது, அப்படியே வீடு.

வெயில்காலம்:
கடைசி வரியில் மட்டும் ஆழம்பாரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 3 மணிக்குத்தான் பார்க் முழுக்க நீர்ப்பகுதிக்குத் திரும்பும். கூட்டம் அடர்ந்து தண்ணீர் கலங்கியபின் ஒரு குட்டித் தலையைத் தேடுவது காலையைவிடக் கடினம். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிரில் நடுங்கும். உதடு நீலம் பாரித்தால் அவன் எவ்வளவு அடம்பிடித்தாலும் வெளியே எடுத்துத் துவட்டவேண்டும். 10.30 வாக்கில், ரைடுகளின் முதல் மணி நேரம் முடிந்ததும் 45 நிமிடம் தண்ணீர், அப்புறம் உடை மாற்றிச் சாப்பாடு, தூக்கம். குளித்துச் சாப்பிட்ட பிள்ளை தானாகத் தூங்கும், தள்ளுவண்டி சொன்னதும் நடந்துவிடும்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், வெயிலில் இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பு. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து எழுந்து துவட்டியதும் மறுபடியும். காது மடல், பிடரி, பாதத்தின் மேற்பகுதி, இவை மூன்றும்தான் எப்போதும் விட்டுப்போகும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பூசவேண்டிய இடமே பாதியாகும். 6 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை இருப்பவர்கள் பூசுவதைவிட நிழலையும் துணியையும் நம்புங்கள்.

உப்புச்சர்க்கரைப் பொட்டலம் (ஓஆர்எஸ்) எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க: பொட்டலத்தில் 200 மி.லி. என்றிருந்தால் 200, ஒரு லிட்டர் என்றிருந்தால் ஒரு லிட்டர். குட்டி பாட்டிலில் ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு பல மடங்காகும், நல்லதுக்குக் கொடுத்தது கெடுதலாகும். பிள்ளை வியர்ப்பதை நிறுத்திவிட்டு உடம்பு கொதித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, நிழலில் படுக்கவைத்து ஈரப்படுத்தி விசிறிக்கொண்டே முதலுதவி நிலையத்தை அழையுங்கள். வியர்வை இருந்தாலும் குழப்பம் தெரிந்தால் இதேதான்.

இடி கேட்டால் நீர்ப்பகுதியை மூடுவார்கள், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திறப்பது பொதுவான வழக்கம். நடுவில் இன்னொரு இடி என்றால் 30 நிமிடம் முதலிலிருந்து. மேகம் திரண்டால் தண்ணீரை முன்னால் இழுத்துப்போடுங்கள்.

ஆழம்பார்:
கூட்டக் கணக்கு நியாயம். காலை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈரத் தலைமுடியோடு குளிரூட்டிய கூடத்தில் தூங்கவைக்காதீர்கள்.

ராட்டினக்காரன்:
ரைடைவிட 'பாதுகாப்பான' விளையாட்டு மூலையிலதான் எலும்பு அதிகம் உடையும், அதையும் சொல்லிடுறேன்.

சறுக்கு மரத்துல சின்னவனை மடியில வச்சுக்கிட்டு சறுக்காதீங்க. பார்க்க அக்கறையாத்தான் தெரியும். பிள்ளை தனியா சறுக்குறப்ப ஷூ ஓரத்துல மாட்டினா பிள்ளையே நின்னுடும். மடியில இருந்தா கால் மாட்டிக்கும், மேல இருக்கிற பெரியவரோட எடை நிக்காது, கீழ இழுக்கும். முழங்காலுக்குக் கீழ எலும்பு முறுக்கி உடையும். தனியா சறுக்க முடியாத சறுக்கு அவனுக்கானது இல்ல.

காத்தடிச்ச குதிக்கிற மெத்தையில வயசு கலக்கக் கூடாது. பெரிய பிள்ளை இறங்குற நேரத்துல சின்னது மேல எழும்பினா, மெத்தை திருப்பி அடிக்கிற வேகம் முழுக்க சின்னக் கால்ல இறங்கும். வெளியில வச்சிருந்தா காத்தைப் பாருங்க. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 14960 மணிக்கு 38 கி.மீ. காத்து வேகத்தை உச்ச வரம்பா வைக்குது, குறைஞ்சது 6 இடத்துல தரையோட கட்டியிருக்கணும்கிறது. காத்துமானி கையில இல்லன்னா, சின்ன மரங்கள் ஆட ஆரம்பிச்சா இறக்கிடுங்க.

தள்ளுவண்டி:
தொலைந்துபோவது பற்றி ஒருவரும் பேசவில்லை. காலையில் வாசலிலேயே இருவரையும் நிறுத்தி முழு உருவமும் தெரியப் படம் எடுங்கள், காலணி தெரியவேண்டும். சட்டை நனைந்து மாறும், காலணி பெரும்பாலும் மாறாது. போன் எண்ணைக் கையில் பேனாவால் எழுதினால் சன்ஸ்கிரீனில் கரையும், மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுதவேண்டாம், எண் மட்டும்.

6 வயதுக்காரிக்குச் சொல்லவேண்டியது இரண்டே: காணோம் என்றால் அங்கேயே நில், பேட்ஜ் குத்திய ஆளிடமோ, குழந்தையோடு இருக்கும் அம்மாவிடமோ சொல். சட்டையில் பேட்ஜ் எப்படி இருக்கும் என்று முதல் ஊழியரிடமே காட்டிவிடுங்கள். காணவில்லை என்றால் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தை விட்டு நகரக் கூடாது, மற்றவர் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடவேண்டும், அப்புறம்தான் கடைகள். "தேடிப் பார்த்துட்டுச் சொல்லலாம்" வேண்டாம். உடனே ஊழியரிடம் சொன்னால் வாசல்களில் தகவல் போய்விடும்.

மஞ்சள்குடை:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பெரியவளுக்குக் கார் பயணத்திலேயே குமட்டும். டீ கப் கேட்பாள்.

வெயில்காலம்:
6 முதல் 12 வயதுவரைதான் இந்தத் தொல்லை உச்சம், 2 வயதுக்குக் கீழ் அரிது. சாப்பாட்டுக்கு முன்பே ஏற்றிவிடுங்கள், ஆனால் வெறும் வயிறும் ஆகாது, ஒரு மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது. டீ கப்பின் நடுச்சக்கரத்தைத் திருகினால்தான் கோப்பை தனியாகவும் சுழலும். திருகாமல் விடுங்கள், பாதித் தொல்லை போகும். எதிரே இருப்பவர் முகத்தையே பார்க்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தாலும் சரி. கீழே குனிந்து பார்ப்பதுதான் மோசம். இறங்கியபின் அடுத்த சுழலும் ரைடுக்குக் குறைந்தது அரை மணி இடைவெளி. மாத்திரை மருத்துவரைக் கேட்டு மட்டுமே. தூக்கம் வரவைக்கும் வகை என்றால் முதல் முறையாக அன்றைக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டாம்.

ராட்டினக்காரன்:
பையில ரெண்டு பிளாஸ்டிக் கவரும் வச்சுக்கங்க. ஓடுறப்ப வந்துட்டா ஆபரேட்டரைப் பார்த்து ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கா காட்டுங்க, பெரும்பாலும் புரிஞ்சு நிறுத்திடுவோம். கத்தினா எங்க காதுல விழாது, அங்க எல்லாருமே கத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க.